ஆறு மாதம், ஒரு லட்சம் அபராதம்: லேபிள் வழக்கில் அப்பீல் போட்டால் குறையுமா?

பனியன்கடைக்காரன்:

வணக்கமுங்க. திருப்பூர் காதர்பேட்டையில் எட்டுக்குப் பத்தில் ஒரு கடை. நானும் வீட்டுக்காரியும்தான், வேலைக்கு ஆள் கிடையாது. டீசர்ட், டிராக் பேன்ட், குழந்தைகள் செட். லாட்டாக எடுத்துச் சந்தை வியாபாரிகளுக்குக் கொடுப்போம், சில்லறையும் போகும்.

2019 பிப்ரவரியில் ஒரு மதியம். தூக்குப்போசியைத் திறந்து வைத்துச் சாப்பிட உட்காருகிறேன், இன்ஸ்பெக்டர் வந்து நிற்கிறார். கூட இரண்டு போலீஸ்காரர்கள், அப்புறம் சட்டையை உள்ளே விட்டு ஷூ போட்ட இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் ஒரு பிராண்டு கம்பெனிக்காகப் போலிச் சரக்கு பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சி ஆட்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. முந்தின வாரமே அவர்களில் ஒருத்தர் வந்து 180 ரூபாய்க்கு ஒரு டீசர்ட் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பேரமே பேசவில்லை. காதர்பேட்டையில் பேரம் பேசாமல் ஒருத்தர் வாங்குகிறார் என்றால் அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

எடுத்துக்கொண்டு போனது 214 பீஸ். மகஜரில் (கைப்பற்றியதை எழுதும் பத்திரம்) 241 என்று எழுதியிருக்கிறது. அங்கேயே சொன்னேன். "கையெழுத்தப் போடுய்யா, ஸ்டேஷன்ல பேசிக்கலாம்" என்றார்கள், போட்டுவிட்டேன். ஆறு நாள் கிளைச் சிறை, அப்புறம் ஜாமீன். அதற்குப் பிறகு வாய்தா மேல் வாய்தா, நடுவில் கொரோனா.

போன வெள்ளிக்கிழமை தீர்ப்பு. காப்பிரைட் சட்டம் 63-ஆம் பிரிவில் ஆறு மாதம், 50,000 ரூபாய் அபராதம். போலிச் சின்னம் உள்ள சரக்கை விற்றதற்கு டிரேட் மார்க் சட்டம் 104-இல் இன்னொரு ஆறு மாதம், இன்னொரு 50,000. கட்டாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் கூடுதல். சிறைத் தண்டனையை ஒரே காலத்தில் அனுபவிக்கலாமாம், அபராதம் மட்டும் தனித்தனி. போலி லேபிளைப் பொருத்தியதாக 103-ம் போட்டிருந்தார்கள், அதில் மட்டும் விடுதலை. ஒரு லட்சத்தையும் அன்றைக்கே கட்டிவிட்டோம், வீட்டுக்காரியின் சங்கிலி அடகில் இருக்கிறது. ஆறு மாதத்தை அப்பீல் போடுவதற்காக அதே கோர்ட்டில் 30 நாள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சரக்கு ஒரிஜினலா என்று கேட்டால், இங்கே எல்லாமே 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' என்ற பெயரில்தான் வரும். சில லாட் நிஜமாகவே சர்ப்ளஸ்: ஆர்டருக்குத் தைத்ததில் மிஞ்சினது, ஷேடு மாறினது, செக்கிங்கில் தள்ளினது. சில லாட் ஏதோ ஒரு சந்தில் பவர்டேபிள் போட்டுத் தைத்து, லேபிளை வெளியே வாங்கி வைத்தது. 95 ரூபாய்க்கு வந்த லாட்டில் இது எந்த வகை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அந்த லாட் அடுத்த கடைக்குப் போய்விடும். தெரியாது என்று சொன்னால் பொய். தெரியும் என்றாலும் அது முழு உண்மை இல்லை.

என் வக்கீல், "குறைஞ்சபட்சத் தண்டனைதான் கொடுத்திருக்காங்க. அப்பீல்ல குடும்ப நிலைமையைச் சொன்னா அபராதத்தோட விட்டுருவாங்க" என்கிறார். மச்சானோ, அப்பீல் போட்டால் ஜட்ஜுக்குக் கோபம் வந்து இரண்டு வருடமாக ஆக்கிவிடுவார், பேசாமல் ஆறு மாதம் இருந்துவிட்டு வா என்கிறான். இதில் யார் சொல்வது சரி? அபராதத்தைக் கட்டியதால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாக ஆகுமா? உள்ளே இருந்த ஆறு நாள் கழியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


செஷன்ஸ்வாசல்:

கோவையில் குற்றவியல் பக்கம் வழக்காடுகிறேன். வழக்குக் கட்டைப் படிக்காமல் முடிவு சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் எழுதியதிலேயே பேச நிறைய இருக்கிறது.

முதலில் மச்சான். குற்றவாளி என்று தீர்ப்பானவர் தானே போடும் அப்பீலில் தண்டனையைக் கூட்ட அந்த கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை. கூட்ட வேண்டுமானால் போதவில்லை என்று அரசுத் தரப்பு தனியாக அப்பீல் போட வேண்டும். இந்த மாதிரி வழக்கில் அப்படிப் போட்டு நான் பார்த்ததில்லை. மச்சானிடம் சொல்லிவிடுங்கள்.

அபராதம் கட்டியது ஒத்துக்கொண்டதாக ஆகாது. விடுதலையானால் அந்தப் பணம் திரும்பி வர வேண்டியது. ஆறு நாளும் கழியும்.

இப்போது உங்கள் வக்கீல் சொன்னதற்கு வருகிறேன். அதில் பாதி சரி, மறு பாதியை நம்பிப் போனால் மாட்டிக்கொள்வீர்கள்.

104-இல் ஆறு மாதமும் 50,000-மும்தான் குறைந்தபட்சம். மேல்வரம்பு மூன்று வருடம், இரண்டு லட்சம். ஆனால் தகுந்த சிறப்புக் காரணத்தைத் தீர்ப்பில் எழுதிவிட்டு அதற்குக் கீழேயும் போகலாம் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. முதல் குற்றம், சின்னக் கடை, இத்தனை வருட அலைச்சல், இதெல்லாம் அங்கே எடுபடும். 63-க்கும் அதே ஆறு மாதம், அதே மூன்று வருடம், அதே தொகை. அதிலும் கீழே போக ஒரு வழி உண்டு, ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை: அந்த மீறல் வியாபாரத்தில் லாபத்துக்காகச் செய்ததாக இருக்கக் கூடாது. ஊர்க் கல்யாணத்தில் படம் போட்டுக் காட்டியவருக்கு அது பொருந்தலாம். கடையில் 180 ரூபாய்க்கு விற்றவருக்கு எப்படிப் பொருந்தும்? அங்கே போய், பிள்ளை படிக்கிறது, சங்கிலி அடகில் இருக்கிறது என்று எவ்வளவு அழுதாலும், "அனுதாபம் இருக்கிறது, அதிகாரம் இல்லை" என்று நீதிபதி சொல்லிவிடலாம். 104-இல் முழுதாக விட்டாலும் 63-இன் ஆறு மாதம் அப்படியே நிற்கும்.

அதனால் தண்டனையைக் குறையுங்கள் என்று மட்டும் கேட்கிற அப்பீல் உங்களுக்கு உதவாது. 63-இல் குற்றவாளி என்ற முடிவையே உடைக்க வேண்டும். சரக்கு போலியா என்பது ஒரு கேள்வி. போலி என்று சட்டப்படி நிரூபித்தார்களா என்பது வேறு கேள்வி. அப்பீலைக் கேட்கிற செஷன்ஸ் கோர்ட் சாட்சியத்தை முதலில் இருந்து எடை போடலாம், போட வேண்டும். இதற்கு மேலே ஹைகோர்ட்டுக்குப் போனால் ரிவிஷன் (சீராய்வு) மட்டும்தான், அங்கே சாட்சியத்தை அவ்வளவு ஆழமாகத் தோண்டிப் பார்க்க மாட்டார்கள். ஆகவே முழுச் சண்டையையும் இங்கேயே போடுங்கள்.

நன்னடத்தைச் சட்டத்தையும் (1958) மாற்றாகக் கேட்டு வையுங்கள். சிறைக்கு அனுப்பாமல் பத்திரம் எழுதி வாங்கி விடுவது. அப்பீல் கோர்ட்டும் அதைத் தரலாம். ஆனால் குறைந்தபட்சத் தண்டனை உள்ள பிரிவில் அரசுத் தரப்பு கடுமையாக எதிர்க்கும், அதை நம்பி மட்டும் இறங்க வேண்டாம்.

காலக்கெடு: மாஜிஸ்திரேட் தீர்ப்புக்கு எதிராக செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல், தீர்ப்புத் தேதியிலிருந்து 30 நாள். நகல் வாங்க ஆகும் நாள் கழியும் என்றாலும், சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகலை உடனே இலவசமாகத் தந்துவிடுவார்கள், அதனால் அந்தக் கணக்கை நம்பாதீர்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 374(3), இப்போது போடுவது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். 415(3). அப்பீலோடு சேர்த்து தண்டனையை நிறுத்தி வைக்கும் மனுவும் போக வேண்டும். இப்போது கிடைத்திருக்கிற 30 நாள் நிறுத்தம் அப்பீல் கோர்ட்டில் உத்தரவு வாங்கும் வரைக்குமான இடைக்கால ஏற்பாடு. 29-ஆம் நாள் போய் நிற்காதீர்கள்.

அப்புறம், தீர்ப்பு மட்டும் போதாது. எல்லா சாட்சிகளின் வாக்குமூலம், மகஜர், கோர்ட்டுக்கு அனுப்பிய சொத்துப் பட்டியல், 313 கேள்வி பதில் (சாட்சியம் முடிந்ததும் கோர்ட் உங்களிடம் விளக்கம் கேட்டது), எல்லாவற்றுக்கும் நகல் மனு போட்டு வாங்குங்கள். அதில் நீங்கள் தேட வேண்டியது: டிரேட் மார்க் சட்டம் 115(4)-இன்படி வாரன்ட் இல்லாமல் சோதனை போட்டுக் கைப்பற்ற டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வேண்டும். அவரும் சோதனைக்கு முன்னால் டிரேட் மார்க் பதிவாளரின் கருத்தைப் பெற்றிருக்க வேண்டும். நம் பக்கத்துக்கு அந்த அலுவலகம் சென்னை கிண்டியில். உங்கள் கடைக்கு வந்தது இன்ஸ்பெக்டர் என்கிறீர்கள்.


பீச்ஸ்டேஷன்எதிரில்:

தம்பி, நான் சென்னை பர்மா பஜாரில் வி.சி.டி. விற்றவன். இப்போது மொபைல் கவர். 2003-இல் என்னைப் பிடித்தார்கள். அடுத்த வருடமே வீடியோ பைரசிக்காரர்களைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டு வந்தார்கள். வழக்கு, சாட்சி எதுவும் இல்லாமலே ஒரு வருடம் உள்ளே வைக்கலாம் என்று ஆனதும் பஜாரே நடுங்கியது. மறுபடி பிடித்தால் அதில் போட்டுவிடுவார்கள் என்ற பயத்திலேயே கடையை ஆறு மாதம் மூடி வைத்தேன். உனக்கு வந்திருப்பது கோர்ட் தண்டனை, அது வேறு, இது வேறு. யாராவது இரண்டையும் குழப்பிப் பயமுறுத்தினால் கேட்காதே.

எனக்கு மாஜிஸ்திரேட் மூன்று மாதம் போட்டார், நான் அப்பீல் போனேன். என் வக்கீல் பெரிய ஆயுதம் என்று நினைத்து வைத்திருந்தது, படத் தயாரிப்பாளரைச் சாட்சியாகக் கூப்பிடவே இல்லை என்ற வாதம். செஷன்ஸ் ஜட்ஜ் சிரித்துவிட்டு, அதெல்லாம் தேவையில்லை என்று 1996-லேயே சுப்ரீம் கோர்ட் ஓர் ஆந்திரா கேசில் சொல்லிவிட்டது என்றார். ஆயுதம் அங்கேயே மழுங்கியது. பிறகு கையைக் கட்டிக்கொண்டு தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டோம். சிறையைக் கோர்ட் கலையும் வரை என்று மாற்றி, அதற்கு ஈடாக அபராதத்தை ஏற்றி விட்டார். சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், மணி அடித்ததும் வீட்டுக்கு வந்தேன்.

அதனால் உன் வக்கீல் சொன்னது நடக்காதது இல்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அப்பீல் வாய்தாவுக்கு ஒன்றுகூடத் தவறாதே. ஜாமீன்தாரரை முன்கூட்டியே பேசி வை, கடைசி நாளில் வரி ரசீது எடுத்துக்கொண்டு எவனும் வர மாட்டான். தீர்ப்புச் சொல்கிற நாளில் சுகர் மாத்திரை, மாற்று வேட்டி, எல்லாம் பையில் இருக்கட்டும். எனக்குத் தேவைப்படவில்லை. ஆனாலும் கொண்டுபோனேன்.


செஷன்ஸ்வாசல்:

பஜார் ஐயா, உங்கள் தண்டனை 68ஏ பிரிவில்தானே இருந்திருக்கும்? உறையில் தயாரித்தவர் பெயர், முகவரி, தணிக்கைச் சான்றிதழ் நகல் போன்ற விவரங்கள் இல்லாமல் விற்ற குற்றம். அதற்கு மூன்று வருடம் வரை என்று மேல்வரம்பு மட்டும்தான், கீழ்வரம்பு கிடையாது. அதனால்தான் கோர்ட் கலையும் வரை என்று குறைக்க முடிந்தது. அதே ஜட்ஜ் 63-ஐ வைத்துக்கொண்டு அப்படிச் செய்திருக்க முடியாது. இரண்டும் ஒரே சட்டப் புத்தகம்தான், அதனால்தான் எல்லோரும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த 1996 தீர்ப்பும் உங்கள் மாதிரி 52ஏ (அந்த விவரங்களைப் போடச் சொல்லும் பிரிவு), 68ஏ வழக்கைப் பற்றியது.


பீச்ஸ்டேஷன்எதிரில்:

ஆமாம் சார், 68ஏ. பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தம்பி, சார் சொல்வதைக் கேள்.


சும்மாபார்க்கவந்தேன்:

ஆன்லைனில் லட்சக்கணக்கில் டூப்ளிகேட் விற்கிறான், அவனை ஒன்றும் செய்ய மாட்டார்கள். எட்டுக்குப் பத்துக் கடைக்காரன்தான் கிடைத்தான்.


குட்டிச்சட்டை:

இந்த அனுதாபத்தை என்னால் முழுதாகப் பகிர முடியவில்லை, மன்னிக்கவும். நானும் திருப்பூர்தான். குழந்தைகள் பனியனில் எனக்கென்று ஒரு சின்ன பிராண்டு, பதிவு செய்தது. பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். மூன்று வருடம் முன்னால் என் நெக் லேபிளை அப்படியே அடித்து, சாயம் போகிற துணியில் தைத்துச் சந்தையில் விட்டார்கள். மதுரையிலிருந்து ஒரு கடைக்காரர் போன் போட்டு, "ஏம்மா, குழந்தைக்கு உடம்பெல்லாம் நீலம் ஒட்டிக்கிச்சுன்னு சண்டைக்கு வர்றாங்க" என்றார். அது என் சரக்கில்லை என்று அவருக்கு நிரூபிக்க நான் பஸ் ஏறிப் போனேன். ஸ்டேஷனுக்குப் போனேன், மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். என்னிடம் ஏஜென்சி இல்லை, ஷூ போட்ட ஆட்கள் இல்லை.

'கேட்டால் அடுத்த கடைக்குப் போய்விடும்' என்று எழுதியிருக்கிறீர்களே அண்ணா, என் லேபிளும் அப்படிக் கேட்காத கடைகள் வழியாகத்தான் போனது. உங்கள் மேல் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

சரி. அதற்காக மூன்று பிள்ளை பெற்றவர் ஜெயிலில் இருக்க வேண்டும் என்றும் எனக்கு ஆசை கிடையாது. கம்பெனித் தரப்போடு சமாதானம் பேசிப் பார்த்தீர்களா? இனி விற்க மாட்டேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்து, ஒரு தொகையும் கொடுத்தால் பல கம்பெனிகள் இறங்கி வரும். நான் அந்த ஆளைக் கண்டுபிடித்திருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன். என் சாயம் போன பேருக்கு ஒரு மன்னிப்பு.


செஷன்ஸ்வாசல்:

இந்த யோசனை நல்ல யோசனை, ஆனால் வழி சுற்று வழி. இந்தக் குற்றங்களைக் கம்பெனிக்காரரும் நீங்களும் கையெழுத்துப் போட்டு கோர்ட்டிலேயே முடித்துக்கொள்ள முடியாது, சமரசப் பட்டியலில் இவை வராது. ஹைகோர்ட்டுக்குப் போய் ரத்து செய்யக் கேட்க வேண்டும். தண்டனை விழுந்த பிறகும், கொடுங்குற்றம் இல்லாத வழக்கில், சமாதானத்தை ஏற்று ஹைகோர்ட் ரத்து செய்யலாம் என்று ராம்கோபால் வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2021-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் அது ஹைகோர்ட்டின் விருப்பம், உரிமை என்று நின்று கேட்க முடியாது. அப்பீலை முதலில் போட்டுவிட்டு அதைப் பேசுங்கள். அப்பீல் உயிரோடு இருக்கும்போது பேசினால் எதிர்த்தரப்புக்கும் பேச ஒரு காரணம் இருக்கும்.


பனியன்கடைக்காரன்:

எல்லோருக்கும் நன்றிங்க. குட்டிச்சட்டை அம்மிணி எழுதியதை வீட்டுக்காரியிடம் படித்துக் காட்டினேன். "சரியாத்தானே சொல்லுது அந்தப் புள்ள" என்றாள். எனக்குப் பதில் இல்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள்தான், அது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சரி.

நகல் கட்டு நேற்று வந்தது. ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து படித்தேன். இத்தனை வருடம் கோர்ட்டில் நின்றிருக்கிறேன், என்ன பேசினார்கள் என்று இப்போதுதான் எனக்கே தெரிகிறது. கூண்டில் நிற்பவனுக்குப் பாதி காதில் விழாது, விழுந்த பாதி புரியாது.

இன்ஸ்பெக்டரின் குறுக்கு விசாரணையில் அவர் சொன்ன இரண்டு வரி இருக்கிறது. "டிரேட் மார்க் பதிவாளரிடம் கருத்து எதுவும் பெறவில்லை என்றால் சரிதான். எதிரி சரக்கை யாரிடம் வாங்கினார் என்று நான் விசாரிக்கவில்லை." எதிரி என்றால் நான்தான். இதைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. எனக்குச் சரக்கு கொடுத்த ஏஜென்டின் பெயர், போன் நம்பர் இரண்டையும் அன்றைக்கே சொன்னேன், எழுதிக்கொள்ளவே இல்லை. 313 கேள்வி கேட்டபோது இதையெல்லாம் சொல்ல வேண்டியது. "பொய் வழக்குன்னு மட்டும் சொல்லுங்க" என்றார் வக்கீல். அந்த இரண்டு வார்த்தைதான் கட்டில் இருக்கிறது.

கோர்ட்டுக்கு அனுப்பிய சொத்துப் பட்டியலில் 214 என்று இருக்கிறது! மகஜரில் 241, பட்டியலில் 214. தீர்ப்பில் மகஜரைப் பார்த்து 241 என்றே எழுதியிருக்கிறார்கள்.

கம்பெனி சார்பில் சாட்சி சொன்ன ஏஜென்சிக்காரர், அதிகாரம் கொடுத்த கடிதம் என்று ஒன்றைக் கொடுத்திருக்கிறார், அது ஜெராக்ஸ். ஒரிஜினல் டீசர்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டினார்களா என்று தேடினேன். காணோம். "பார்த்தவுடன் போலி என்று தெரிந்தது, தையல் தரமில்லை" என்று சொல்லியிருக்கிறார். தையலைச் சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை, நல்ல தையல்ங்க அது.


செஷன்ஸ்வாசல்:

இதைத்தான் தேடச் சொன்னேன். ஆனால் கண்டதும் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் அரசுத் தரப்பில் ஒரு பதில் இருக்கும்.

115(4) உங்கள் 104 தண்டனைக்கு எதிராக நல்ல வாதம். எஃப்.ஐ.ஆர். நிலையிலேயே இதைச் சொல்லி ஹைகோர்ட்டுக்குப் போயிருந்தால் இன்னும் பலமாக இருந்திருக்கும். விசாரணை முடிந்த பிறகு, "சோதனையில் குறை இருக்கலாம், அதற்காகக் கிடைத்த சாட்சியம் செல்லாமல் போகாது" என்பார்கள். அதற்கு நீங்கள் சொல்ல வேண்டியது, பதிவாளரின் கருத்து வெறும் சடங்கு இல்லை, எது பதிவான சின்னம், இது அதோடு ஒத்திருக்கிறதா என்று ஒரு மூன்றாம் ஆள் பார்ப்பதற்காகத்தான் சட்டம் அதை வைத்திருக்கிறது, இங்கே அப்படி யாருமே பார்க்கவில்லை, ஒப்பிட ஒரிஜினலும் இல்லை. இரண்டையும் பிணைத்துச் சொன்னால்தான் கனம்.

ஏஜென்ட் பெயர் விஷயமும் 104-க்குத்தான். சரக்கை யாரிடம் வாங்கினோம் என்ற தகவலைக் கேட்டபோது கொடுத்தோம் என்று காட்டுவது அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிற தற்காப்பில் வருகிறது. நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில், 313-இல் சொல்லாதது பலவீனம். இன்ஸ்பெக்டர் விசாரிக்கவே இல்லை என்று ஒப்புக்கொண்டதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது 63. அந்தச் சட்டத்தில் சப்-இன்ஸ்பெக்டரே வாரன்ட் இல்லாமல் கைப்பற்றலாம், ஆகவே டி.எஸ்.பி. வாதம் இங்கே ஓடாது. வாரன்ட் இல்லாமல் கைது செய்தது தப்பு என்ற வாதமும் போய்விட்டது. 63 பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று நிட் புரோ வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2022 மே மாதம் முடித்துவிட்டது. மிச்சம் இருப்பது இதுதான்: டீசர்ட்டின் மேல் இருக்கிற சின்னத்தை ஓர் 'கலைப் படைப்பு' என்று வைத்துத்தான் காப்பிரைட் சட்டத்தைக் கொண்டு வந்திருக்கிறார்கள். அந்தப் படைப்பு எது, அதன் உரிமை யாருடையது, இது அதன் நகல்தான் என்பது, இந்த மூன்றையும் அரசுத் தரப்பு காட்டியதா? காப்பிரைட்டுக்குப் பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் பதிவுச் சான்றிதழ் இருந்தால் அவர்கள் வேலை சுலபம். அது கட்டில் இருக்கிறதா, இல்லை டிரேட் மார்க் சான்றிதழை மட்டும் வைத்துவிட்டு இரண்டு சட்டத்துக்கும் பொருந்தும் என்று விட்டுவிட்டார்களா, பாருங்கள். பல கட்டுகளில் இரண்டாவதுதான் நடந்திருக்கும். ஜெராக்ஸ் கடிதத்துக்கு அன்றைக்கே ஆட்சேபம் சொன்னார்களா என்றும் பாருங்கள், சொல்லாமல் விட்டிருந்தால் இப்போது எழுப்புவது கஷ்டம்.

214, 241 விஷயம்: எழுதுகிறபோது எண் இடம் மாறிவிட்டது என்பார்கள், இருக்கலாம். ஆனால் எந்தச் சரக்கு கடையிலிருந்து வந்தது, எது கோர்ட்டுக்குப் போனது என்ற சங்கிலியில் அது ஓட்டை. தனியாகக் காப்பாற்றாது, மற்றதோடு சேர்ந்தால் உதவும்.

வக்கீலை மாற்ற வேண்டுமா என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். அது உங்கள் முடிவு. ஆனால் அப்பீல் மனுவில் 63-க்கு எதிரான காரணங்கள் தனியாக எழுதியிருக்கிறதா என்று நீங்களே படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.


பனியன்கடைக்காரன்:

26-ஆம் நாள் அப்பீல் போட்டாயிற்று. காப்பிரைட் சான்றிதழ் கட்டில் இல்லை, டிரேட் மார்க் சான்றிதழ் மட்டும்தான், அதுவும் ஜெராக்ஸ். கடிதத்துக்கு என் வக்கீல் ஆட்சேபம் அன்றைக்கே சொல்லியிருக்கிறார், வாக்குமூலத்தில் குறித்திருக்கிறது. வக்கீலை மாற்றவில்லை. நீங்கள் எழுதியதைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் படித்தார், "ஆமா, 63-ல அப்படித்தான் இருக்கு" என்றார், மனுவைத் திரும்ப எழுதினார். வயசானவர், எஃப்.ஐ.ஆர். போட்ட நாளில் இருந்து கூட இருக்கிறவர்.

தண்டனையை அப்பீல் முடியும் வரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இரண்டு ஜாமீன்தாரர், மாதா மாதம் முதல் வேலை நாளில் கீழ்க்கோர்ட்டில் கையெழுத்து. பஜார் அண்ணன் சொன்னபடி மாத்திரையும் வேட்டியும் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

கம்பெனி வக்கீலுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன், பதில் இல்லை. கடையில் இப்போது பிளெயின் பீஸும், பில் கொடுக்கிற இரண்டு உள்ளூர் பிராண்டும் மட்டும். வியாபாரம் பாதிதான். அம்மிணி, உங்கள் சரக்கை எடுக்கலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது. கோபம் குறைந்த பிறகு சொல்லுங்கள்.

செஷன்ஸ்வாசல் சாருக்கு ஒரு கடைசிக் கேள்வி. விடுதலையானால் பிடித்த டீசர்ட்டெல்லாம் திரும்பக் கிடைக்குமா? லேபிளைப் பிரித்துவிட்டாவது விற்கலாம், 95 ரூபாய் போட்டு எடுத்தது.


செஷன்ஸ்வாசல்:

ஆசையை விட்டுவிடுங்கள். குற்றவாளி என்று தீர்ப்பானாலும் ஆகாவிட்டாலும், மீறல் நகல் என்று கோர்ட்டுக்குத் தோன்றுகிற சரக்கை உரிமையாளரிடம் ஒப்படைக்கச் சொல்ல காப்பிரைட் சட்டம் 66-ஆம் பிரிவில் அதிகாரம் இருக்கிறது.


பனியன்கடைக்காரன்:

சரிங்க சார். எத்தனை பீஸ் ஒப்படைக்கச் சொல்வார்கள், 214-ஆ 241-ஆ?